வீட்டுப் பட்டறைக்கு ஆடாத பஃபிங் மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்தளைக் கைப்பிடி, செம்புத் தகடு, அலுமினியப் பாகங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் என்று சிறு பொருட்களுக்கு வீட்டிலேயே மெருகேற்ற விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். வேகமாகச் சுற்றும் துணிச் சக்கரத்தில் பொருளைத் தேய்த்துப் பளபளக்க வைப்பதுதான் பஃபிங். நான் இதுவரை இரண்டு மெஷின்கள் கட்டியிருக்கிறேன். முதலாவதைச் சில மாதங்களிலேயே பிரித்துப்போட்டேன். இரண்டாவது இன்றும் ஓடுகிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடையே நான் கற்றுக்கொண்டவை.

பெஞ்ச் கிரைண்டரில் கல்லைக் கழற்றிவிட்டுத் துணிச் சக்கரத்தை மாட்டினால் போதாதா?

மோதிரம், போல்ட், சாவி அளவிலான பொருட்களுக்குப் போதும். ஆனால் கிரைண்டரின் ஷாஃப்ட் மோட்டாரைவிட்டு மிகக் குறைவாகவே வெளியே நீண்டிருக்கும். சற்று அகலமான தட்டையோ நீளமான குழாயையோ சக்கரத்தில் பிடித்தால் அதன் மறுமுனை மோட்டார் உடம்பில் இடிக்கும். இடிக்காமல் இருக்க நீங்கள் கையைக் கோணலாக வைப்பீர்கள். கோணலாக வைத்த கையில் பிடிமானம் இருக்காது.

கிரைண்டரைத்தான் பயன்படுத்துவது என்று முடிவெடுத்தால், பொருளைத் தாங்குவதற்காகச் சக்கரத்தின் முன்னால் இருக்கும் தாங்கித் தகட்டை முதலில் கழற்றிவிடுங்கள். கல்லுக்கு அது அவசியம். துணிச் சக்கரத்துக்கு அது பொறி. சக்கரம் பொருளை இழுத்தால், பொருளும் சில நேரம் விரலும் அந்த இடுக்கில்தான் போய்ச் சிக்கும்.

வேகமும் சக்தியும்தானே முக்கியம்? ஆடாமல் இருப்பதற்கு ஏன் இத்தனை அழுத்தம் தருகிறீர்கள்?

என் முதல் மெஷினில் மெல்லிய ஆங்கிளால் செய்த நான்கு கால் மேசையின்மேல் நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடும் மோட்டாரை வைத்திருந்தேன். சக்தியில் குறை எதுவும் இல்லை. ஒரு நாள் உள்ளங்கை அகலமுள்ள பித்தளைத் தகடு ஒன்றை மெருகேற்றிக்கொண்டிருந்தேன். மேசை முழுவதும் நடுங்கியது. அந்த நடுக்கம் தகட்டின் வழியாக என் விரல்களுக்கு வந்து, சிறிது நேரத்தில் விரல் நுனிகள் மரத்துப்போயின. தகட்டின் மேல் விளிம்பு சக்கரத்தை நெருங்கியதை நான் உணரவில்லை. அடுத்த கணம் தகடு கையில் இல்லை. தரையில் பட்டு மேலெழும்பிச் சுவரில் மோதியது. எடுத்துப் பார்த்தபோது ஒரு மூலை மடங்கியிருந்தது. அது என் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

சக்கரம் பொருளைப் பறிப்பதற்கு முன்னால் ஓர் அறிகுறி வரும். இழுவை சற்றே மாறும், சத்தம் லேசாகக் கனக்கும். அந்த அறிகுறி மிகச் சிறியது. மெஷின் அசையாமல் நின்றால் விரல் அதைக் கண்டுகொண்டு தானாகப் பின்வாங்கும். மெஷினே நடுங்கிக்கொண்டிருந்தால் அது நடுக்கத்தில் கரைந்துவிடும். அதனால்தான் ஆடாமை என்பதை வசதியாக அல்ல, பாதுகாப்பாகவே நான் பார்க்கிறேன். ஒரு மெஷினுக்கு நீங்கள் ஒதுக்கும் உழைப்பில் பாதியை ஸ்டாண்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கணக்காகவும் பார்க்கலாம். 200 மி.மீ. சக்கரத்தில், மையத்திலிருந்து 90 மி.மீ. தள்ளி, ஒரு பக்கம் 5 கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கொஞ்சம் பாலிஷ் கட்டி (மெருகேற்றுவதற்காகச் சக்கரத்தில் பூசும் மெழுகுக் கலவை) அதிகமாக ஒட்டினாலே இந்த அளவு வந்துவிடும். நிமிடத்துக்கு 1440 சுற்றில் அது ஷாஃப்ட்டை ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கும். 2880 சுற்றில் அதுவே நான்கு கிலோ. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். நொடிக்கு 48 முறை திசை மாறி மாறி இழுக்கும் நான்கு கிலோவை மெல்லிய மேசை எப்படித் தாங்கும்?

எந்த மோட்டார் வாங்குவது?

150 மி.மீ. சக்கரத்துக்கு அரை குதிரைத்திறன், அதாவது சுமார் 370 வாட். 200 மி.மீ. சக்கரத்துக்கு ஒரு குதிரைத்திறன், அதாவது சுமார் 750 வாட். வீட்டுப் பட்டறையில் இதற்குமேல் தேவைப்படாது. சக்தி குறைந்த மோட்டாரில் கொஞ்சம் அழுத்தினாலே சக்கரம் தளர்ந்துவிடும். தளர்வதைக் கண்டு மேலும் அழுத்தத் தோன்றும். அங்கிருந்துதான் கெட்ட பழக்கம் தொடங்குகிறது.

நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டாரைத் தேடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்றும், 60 ஹெர்ட்ஸில் சுமார் 1725 சுற்றும் ஓடும். முழுவதும் மூடப்பட்டு, பின்பக்க விசிறியால் வெளிப்புறமாகக் குளிரும் வகையாக இருக்கட்டும். காற்றுத் துளைகள் உள்ள மோட்டாரில் துணிப் பிசிறும் உலோகத் தூளும் உள்ளே போய்ச் சுருளின்மேல் கம்பளம்போல் படியும். சூடு வெளியேற வழியின்றி மோட்டார் கருகும்.

சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும்?

நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது பாதி விடைதான். பொருளைத் தேய்ப்பது சக்கரத்தின் விளிம்பு. ஆகவே விளிம்பு நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று பாருங்கள். சக்கரத்தின் விட்டத்தை மீட்டரில் எழுதி, 3.14-ஆல் பெருக்கி, சுற்று எண்ணிக்கையால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் விடை வரும்.

200 மி.மீ. சக்கரம் 1440 சுற்றில் நொடிக்கு 15 மீட்டர் ஓடும். அதே சக்கரம் 2880 சுற்றில் 30 மீட்டர். 150 மி.மீ. சக்கரம் 2880 சுற்றில் 22.6 மீட்டர். தொழிற்சாலைகளில் எஃகைத் தேய்க்க 30 மீட்டருக்கு மேலும் ஓட்டுகிறார்கள். அங்கே ஆள் நாள் முழுவதும் அதே வேலையைச் செய்து கை பழகியவர். வீட்டில் 15 முதல் 22 மீட்டருக்குள் இருந்தால் பித்தளை, செம்பு, அலுமினியம் எல்லாம் நன்றாகவே பளபளக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவே. பிளாஸ்டிக்குக்கு 10 அல்லது 11 மீட்டரைத் தாண்ட வேண்டாம். வேகம் கூடினால் மேற்பரப்பு இளகிப் பிசினாகும்.

சில சக்கரங்களில் அவற்றின் உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைத் தாண்டவே கூடாது.

சக்கரத்தை மோட்டார் ஷாஃப்ட்டிலேயே மாட்டலாமா, பெல்ட் வைத்துத் தனி ஷாஃப்ட் போடுவதா?

தனி ஷாஃப்ட்டும் பெல்ட்டும்தான் என் தேர்வு. வேலை கூடுதல்தான், ஆனாலும் மூன்று காரணங்களுக்காக இதையே சொல்வேன். மோட்டார் கீழே பின்னால் போய்விடுவதால் சக்கரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இடம் கிடைக்கும். தூசி மோட்டாரை அவ்வளவாக அண்டாது. மூன்றாவது, வேகத்தை மாற்றலாம்.

100, 87.5, 75 மி.மீ. என்று மூன்று படிகள் கொண்ட புல்லி இரண்டு வாங்கி, ஒன்றை மோட்டாரிலும் மற்றொன்றைத் தலைகீழாக ஷாஃப்ட்டிலும் மாட்டுங்கள். மோட்டார் 1440 சுற்று ஓடினால் ஷாஃப்ட்டுக்கு 1920, 1440, 1080 என்று மூன்று வேகம் கிடைக்கும். 200 மி.மீ. சக்கரத்தின் விளிம்பில் அது நொடிக்கு 20, 15, 11 மீட்டர். கடினமான உலோகம், மென்மையான உலோகம், பிளாஸ்டிக் என்று மூன்றுக்கும் பொருந்திவிடுகிறது. ஏ பிரிவு வி-பெல்ட் ஒன்று போதும். அந்தப் பெல்ட் 75 மி.மீ.க்குச் சிறிய புல்லியில் சீக்கிரம் விரிசல் விடும். ஆகவே அதற்குக் கீழே போக வேண்டாம்.

மோட்டாரைக் கீல் வைத்த தகட்டின்மேல் பொருத்தினால் அதன் எடையே பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும். புல்லிகளுக்கு இடையே 300 மி.மீ. இடைவெளி இருந்தால், நடுவில் விரலால் அழுத்தும்போது பெல்ட் 5 மி.மீ. அளவுக்கு உள்ளே போக வேண்டும். முறுக்கிக் கட்டிய பெல்ட் பேரிங்கைத் தின்னும். சற்றே இளக்கமான பெல்ட்டுக்கு ஒரு நன்மையும் உண்டு. பொருள் எங்காவது வசமாகச் சிக்கினால் அது வழுக்கும். பெல்ட்டையும் புல்லிகளையும் முழுவதும் மூடும் தகரக் கூடு கட்டாயம்.

ஷாஃப்ட் எவ்வளவு தடிமன்? பேரிங் எது?

25 மி.மீ. தடிமனுள்ள பிரைட் பார், அதாவது வழவழப்பாக, அளவு பிசகாமல் வரும் உருண்டை எஃகுக் கம்பி. 20 மி.மீ. கம்பியும் முறியாது. ஆனால் கேள்வி முறிவதைப் பற்றியது அல்ல, வளைவதைப் பற்றியது. 20-லிருந்து 25-க்குப் போனால் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகிறது. பேரிங்குக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதி இதைவிட முக்கியம். அந்த நீளம் 100 மி.மீ.யிலிருந்து 150 மி.மீ. ஆனால் அதே அழுத்தத்துக்கு வளைவு 3.4 மடங்காகும். இரட்டிப்பானால் எட்டு மடங்கு. ஆகவே கொஞ்சம் நீட்டி வைத்தால் இடம் கிடைக்குமே என்று நினைக்கும்போது இந்த எட்டு மடங்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் அளவு இது: இரண்டு பேரிங்குக்கும் இடையே 250 மி.மீ., ஒவ்வொரு பக்கமும் வெளியே 125 மி.மீ. வெளியே நீளும் பகுதி பேரிங் இடைவெளியில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. புல்லி இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வரட்டும்.

பிளம்மர் பிளாக் எனப்படும், பீடத்தோடு வரும் பேரிங் வாங்குங்கள். 25 மி.மீ.க்கு யூசிபி 205 என்பது எங்கும் தெரிந்த அளவு. இருபுறமும் சீல் வைத்து வருவதால் தூசி உள்ளே போகாது. உள்ளே இருக்கும் பேரிங் சற்றே திரும்பிக்கொடுக்கும், ஆகவே மேல்தகடு இம்மி பிசகினாலும் இறுகாது. பேரிங்கை ஷாஃப்ட்டில் இறுக்கும் தலையில்லாத சிறு திருகான கிரப் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டை அரத்தால் சிறிது தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரூ எழுப்பும் பிசிறு பேரிங்கை ஷாஃப்ட்டோடு பூட்டிவிடும். பின்னால் கழற்றும்போது சுத்தியல் எடுக்க வேண்டிவரும்.

இடது முனைக்கு இடது மரை அவசியமா?

அவசியம். இடது மரை என்பது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் இறுகும் திருகுப் புரி. மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உங்களை நோக்கி வந்து, முன்பகுதி கீழே இறங்கும்படி அது சுற்ற வேண்டும். இந்தத் திசையில் வலது முனையில் வழக்கமான மரை தானாக இறுகிக்கொண்டே போகும். அதே மரையை இடது முனையில் வெட்டினால் ஓட ஓட நட் கழன்றுவரும். லேத்தில் வேலை கொடுக்கும்போது எந்த முனை எது என்று ஷாஃப்ட்டின்மேலேயே பெயின்டால் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

இடது மரை வெட்ட ஆள் கிடைக்காவிட்டால் வலது முனையில் மட்டும் சக்கரம் வையுங்கள். ஒரே சக்கரம் உள்ள நல்ல மெஷின் குறை அல்ல. இன்னொரு வழி, ஷாஃப்ட்டில் செருகி கிரப் ஸ்க்ரூவால் இறுக்கும் திருகுக் கூம்பு. இடது, வலது என்று தனித்தனியாக வரும். சக்கரத்தை நட் இல்லாமல் நொடியில் மாற்றலாம். சிறிய சக்கரங்களுக்கு நல்லது. 200 மி.மீ. சக்கரத்துக்கு இரு பக்கமும் தடித்த வட்டத் தகடு வைத்து நட்டால் இறுக்குவதையே நான் நம்புகிறேன். அந்தத் தகடுகள் சக்கர விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும்.

ஸ்டாண்டை எப்படிக் கட்டுவது?

இங்கேதான் நிதானம் வேண்டும். நான் கட்டியதை அப்படியே சொல்கிறேன்.

150 மி.மீ. சதுரக் குழாய், 5 மி.மீ. கனம், 900 மி.மீ. நீளம். அடியில் 500-க்கு 450 மி.மீ. அளவில் 12 மி.மீ. கனத் தகடு. அந்தத் தகடு மட்டுமே 21 கிலோ. குழாயைத் தகட்டின் நடுவில் வைக்காமல் சற்று முன்தள்ளி வைத்தேன். பின்னால் மோட்டார் தொங்குகிறது, அதன் எடை விழும் பக்கம் தகடு நீள வேண்டும். முன்னால் என் கால்விரல்கள் தகட்டில் இடிக்காமல் இருப்பது கூடுதல் பயன். குழாயின் தலையில் 12 மி.மீ. தகடு, அதன்மேல் பேரிங்குகள். மேல்தகட்டின் அகலம் பேரிங்குகளோடு நின்றுவிட வேண்டும், சக்கரத்துக்கு அடியில் எதுவும் நீளக் கூடாது.

வெல்டிங் செய்யும்போது ஒரே பக்கமாகத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். நான்கு மூலையிலும் பொட்டு வைத்து, பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் துண்டு துண்டாகப் போடுங்கள். அப்படிச் செய்தும் என் மேல்தகடு லேசாக வளைந்தது. பேரிங் பீடத்தின் ஒரு மூலையில் மெல்லிய தகட்டுத் துண்டை அண்டை கொடுத்துச் சரிசெய்தேன். போல்ட்டை இறுக்கும்போது ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே இருங்கள். எந்த போல்ட் இறுகும்போது சுற்று கனக்கிறதோ, அந்த மூலைக்குத்தான் அண்டை வேண்டும்.

அடுத்தது குழாயை நிரப்புவது. காலிக் குழாயை விரல் மடக்கித் தட்டினால் மணி அடித்ததுபோல் ஒலிக்கும். அந்த ஒலி அடங்க எடுக்கும் நேரம்தான் உங்கள் மெஷினின் நடுக்கம். நன்றாகக் காய்ந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, ரப்பர் சுத்தியலால் பக்கங்களைத் தட்டி இறக்கினேன். ஏறத்தாழ 28 கிலோ உள்ளே போயிற்று. பிறகு தட்டிப் பார்த்தபோது மரத்தைத் தட்டியதுபோல் ஒரே ஒரு மொத்தென்ற சத்தம். மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடுகின்றன. கான்கிரீட் ஊற்றினால் 42 கிலோ வரை எடை ஏறும், அதுவும் நல்லதே. ஆனால் வேறிடத்துக்கு நகர்த்த வேண்டிவந்தால் மணலைக் கொட்டிவிடலாம், கான்கிரீட்டை முடியாது. மணல் ஈரமாக இருந்தால் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஆகவே வெயிலில் இரண்டு நாள் காயவைத்தேன்.

எல்லாம் சேர்ந்து 90 கிலோவுக்குப் பக்கம். அப்படியிருந்தும் நான்கு ஃபவுண்டேஷன் போல்ட் போட்டுத் தரையோடு கட்டியிருக்கிறேன். தரையில் துளையிட முடியாதவர்கள் அடித்தகட்டை இன்னும் பெரிதாக்கி, அடியில் கெட்டியான ரப்பர் விரிக்கலாம்.

உயரம்?

நிமிர்ந்து நின்று கையை மடக்குங்கள். முழங்கை எங்கே வருகிறதோ அதற்கு நான்கு விரற்கடை கீழே ஷாஃப்ட்டின் மையம் வர வேண்டும். குழாயை வெட்டும் முன் உங்கள் உடம்பை அளந்துகொள்ளுங்கள். என் 900 மி.மீ. உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

பழைய வாஷிங் மெஷின் மோட்டார் இருக்கிறது. டிரில் மெஷினும் இருக்கிறது. அவற்றை வைத்துக் கட்டலாமா?

கார்பன் பிரஷ் உள்ள வாஷிங் மெஷின் மோட்டார் வேண்டாம். பளு இல்லாதபோது அது கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கும். சக்கரத்தைத் தொடாமல் நிற்கும் நேரத்தில்தான் அதிக வேகம் என்பது பஃபிங்குக்கு நேரெதிரான குணம். டிரில் மெஷினைக் கவ்வியில் பிடித்து எப்போதாவது ஒரு சிறு வேலை செய்யலாம். அதன் பேரிங் பக்கவாட்டு அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டதல்ல, சீக்கிரம் ஆட்டம் காணும்.

வேகத்தைக் குமிழ் திருகிக் கூட்டிக் குறைக்க முடியுமா?

மூன்று ஃபேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி. எனப்படும் அதிர்வெண் மாற்றியும் இருந்தால் முடியும். ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தை வாங்கி மூன்று ஃபேஸாகத் தரும் வகை, ஒரு குதிரைத்திறன் அளவில் எளிதாகக் கிடைக்கிறது. கப்பாசிட்டர் வைத்த ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் மின்விசிறி ரெகுலேட்டரை மாட்டிப் பார்க்காதீர்கள், சுருள் கருகும்.

வி.எஃப்.டி. வைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வேகத்தை மிகவும் குறைத்து நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகி மோட்டார் சூடேறும். இரண்டாவது, பலர் யோசிக்காதது: சடாரென்று நிறுத்தும் அமைப்பு வேண்டாம். ஷாஃப்ட் திடீரென்று நின்றால் சக்கரமும் நட்டும் தம் வேகத்தில் தொடர்ந்து சுற்றப் பார்க்கும். ஓடும்போது எந்த மரை தானாக இறுகியதோ, அதே மரை அப்போது கழலும். எட்டுப் பத்து வினாடிகளில் தணிந்து நிற்கும்படி அமையுங்கள்.

சுவிட்ச், வயரிங்?

மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது மெஷின் தானாக ஓடத் தொடங்காத வகை ஸ்டார்ட்டரை வையுங்கள். இருட்டில் சக்கரத்தை மாற்றிக்கொண்டிருக்கும் கையை நினைத்துப் பாருங்கள். நிறுத்தும் பொத்தான் பெரிதாக, சிவப்பாக, சக்கரத்தைத் தாண்டிக் கை நீட்டாமல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். நான் முழங்காலால் தட்டும் உயரத்தில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் இரண்டு கைகளிலும் பொருள் இருக்கும். ஸ்டாண்டுக்கும் மோட்டாருக்கும் எர்த் இணைப்பு, லைனில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுமின் பிரேக்கர், இவை இரண்டும் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

தூசிக்கு என்ன செய்வது?

துணிப் பிசிறு, மெழுகு, உலோகத் தூள் மூன்றும் கலந்து கறுப்புப் பஞ்சாகக் கொட்டும். அது எரியக்கூடியது. சக்கரத்தின் பின்புறமும் அடிப்புறமும் தழுவும்படி தகரக் கூடு செய்து, அடியில் 100 மி.மீ. குழாய் வைத்து, விசிறியால் வெளியே இழுங்கள். கூட்டின் முன்பக்கம் தாராளமாகத் திறந்திருக்க வேண்டும், பொருள் அதில் இடிக்கக் கூடாது. வாரம் ஒருமுறை கூட்டைத் திறந்து பஞ்சை வழித்தெடுங்கள்.

அலுமினியத்துக்கு ஓர் எச்சரிக்கை. அதன் நுண்தூள் காற்றில் கலந்தால் வெடிக்கும். இரும்புத் துருவோடும், இரும்பு ஆக்சைடான சிவப்புக் கட்டியின் தூளோடும் கலந்து கிடந்தால், ஒரு பொறி பட்டாலே அணைக்க முடியாத வெப்பத்தோடு எரியும். இரும்பை அரைக்கும் கிரைண்டரின் தூசிக்குழாயைப் பஃபிங் மெஷினோடு ஒருபோதும் இணைக்காதீர்கள். அலுமினிய வேலைக்கு முன்பும் பின்பும் கூட்டைத் துடைத்துவிடுங்கள்.

மூச்சுக்கு, துகள் வடிகட்டும் முகக்கவசம் தேவை. பழுப்பு நிற டிரிப்போலிக் கட்டியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கும், திரும்ப வராது.

எந்தச் சக்கரத்துக்கு எந்தக் கட்டி?

முதலில் வெட்டு, பிறகு மெருகு. வெட்டுக்கு விறைப்பான சக்கரம்: எஃகுக்குக் கற்றாழை நார்ச் சக்கரமும் கறுப்பு எமரிக் கட்டியும், பித்தளை, செம்பு, அலுமினியத்துக்கு வட்ட வட்டமாகத் தைத்த பருத்திச் சக்கரமும் டிரிப்போலியும். மெருகுக்கு நடுவில் மட்டும் தைத்த, தளர்ந்த பருத்தி அல்லது ஃபிளானல் சக்கரம். அதில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் பித்தளைக்கும் சிவப்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சை, அலுமினியத்துக்கு வெள்ளை.

ஒரு சக்கரத்துக்கு ஒரு கட்டிதான். டிரிப்போலி பூசிய சக்கரத்தில் சிவப்பைப் பூசினால், சொரசொரப்பான துகள்கள் உள்ளேயே இருந்து கீறிக்கொண்டேயிருக்கும். சக்கரத்தின் பக்கத்தில் பேனாவால் கட்டியின் பெயரை எழுதித் தனித்தனிப் பையில் வைக்கிறேன். கட்டியை ஓடும் சக்கரத்தில் ஒரு வினாடி தொட்டு எடுத்தால் போதும். குறைவாக, அடிக்கடி.

பொருளைச் சக்கரத்தில் எங்கே பிடிப்பது?

முன்பக்கம், மையத்துக்குக் கீழே. அங்கே சக்கரம் கீழ்நோக்கியும் உங்களைவிட்டு விலகியும் ஓடுகிறது. பிடி நழுவினால் பொருள் தரைப்பக்கம் போகும். மையத்துக்கு மேலே பிடித்தால் உங்கள் முகத்தை நோக்கி வர வழியுண்டு.

இனி விளிம்பு. ஒரு தட்டையான தகட்டைச் சக்கரத்துக்கு எதிரே பிடித்திருக்கிறீர்கள். சக்கரம் மேலிருந்து கீழே ஓடுகிறது. அப்போது தகட்டின் கீழ் விளிம்பில் சக்கரம் தகட்டைவிட்டு வெளியேறுகிறது, அங்கே ஆபத்தில்லை. மேல் விளிம்பிலோ சக்கரம் தகட்டுக்குள் நுழைகிறது. அந்த விளிம்பைச் சக்கரம் சந்தித்தால் துணி அதைக் கவ்விப் பறித்துவிடும். என் பித்தளைத் தகடு போனது அப்படித்தான். ஆகவே தகட்டின் கீழ்ப்பாதியை மட்டும் மெருகேற்றுங்கள். பிறகு விலக்கி, தலைகீழாகத் திருப்பி, மறுபாதியை அதே வழியில் முடியுங்கள். துளைகளுக்கும் இதே விதி, துளையின் கீழ்ப்பக்க ஓரமும் ஒரு விளிம்புதான்.

கத்தியை மெருகேற்றும்போது வெட்டும் விளிம்பு எப்போதும் கீழே பார்த்து இருக்க வேண்டும். பழகாதவர்கள் கத்தியில் தொடங்கவே வேண்டாம். சங்கிலியைக் கையில் சுற்றிப் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். சங்கிலியைப் பலகையில் இறுகச் சுற்றிக் கட்டி, பலகையின்மேல் கிடக்கும் பகுதியை மட்டும் தேயுங்கள். அதையும் குறைந்த வேகத்தில்.

பொருள் சுடுகிறதே, கையுறை போடலாமா?

தளர்ந்த துணிக் கையுறை கூடவே கூடாது. சக்கரம் நூலைப் பிடித்தால் விரலும் போகும். விரல் நுனிக்கு மட்டும் இறுக்கமான தோல் உறை போட்டுக்கொள்பவர்கள் உண்டு. நான் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். சுட்டால் முக்கி, துடைத்து, தொடர்கிறேன். அடிக்கடி சுட்டால் அழுத்தம் அதிகம் என்று பொருள். முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிக் கவசம், மடித்துவிட்ட சட்டைக் கை, கட்டிய கூந்தல் ஆகியவற்றில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

முதல் முறை ஓட்டும்போது எப்படிச் சோதிப்பது?

சக்கரம் இல்லாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பேரிங்கில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், கையை எடுக்கவைக்கும் சூடு கூடாது. பிறகு மேல்தகட்டில் ஒரு தம்ளர் தண்ணீரை வையுங்கள். நீர்ப்பரப்பில் மெல்லிய வளையங்கள் தெரிந்தால் பரவாயில்லை, தண்ணீர் துள்ளினால் ஷாஃப்ட், புல்லி, போல்ட் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

புதுச் சக்கரத்தை மாட்டியதும் பக்கவாட்டில் விலகி நின்று ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். புதுச் சக்கரம் எதுவும் சரியான வட்டமாக வருவதில்லை. பழைய ஹேக்சா பிளேடின் பல் பக்கத்தை, ஒரு கட்டையில் உறுதியாகப் பொருத்தி, ஓடும் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே மெல்லத் தொட்டால் நீண்டிருக்கும் நூல்கள் உதிரும். நூல் பறப்பது நின்று சத்தம் ஒரே சீராகும்போது சக்கரம் வட்டமாகிவிட்டது.

பளபளப்பு வருகிறது, ஆனால் உள்ளே கீறல்கள் தெரிகின்றன. ஏன்?

பஃபிங் கீறலை அழிக்காது, அதன் ஓரங்களை மழுக்கிப் பளபளப்பாக்கிக் காட்டும். உப்புத்தாளில் 240, 400, 600 என்று படிப்படியாக, ஒவ்வொரு முறையும் திசையைக் குறுக்காக மாற்றித் தேய்த்து, முந்திய தாளின் கோடுகள் முழுவதும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். மெஷினில் செலவிடும் நேரத்தைவிடத் தாளில் செலவிடும் நேரம் அதிகமாக இருந்தால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

கறுப்புக் கோடுகள் படிந்தால் கட்டி அதிகமாகிவிட்டது. சக்கரத்தை மறுபடி பிளேடால் சீவி, கட்டி பூசாமல் லேசாக ஒருமுறை ஓட்டினால் போகும். ஒவ்வொரு கட்டத்துக்கு இடையிலும் பொருளை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவித் துடையுங்கள்.

பராமரிப்பு?

மாதம் ஒருமுறை போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். முதல் மாதத்தில் மட்டும் வாரம் ஒருமுறை, ஏனென்றால் புது வெல்டிங்கும் புது ரப்பரும் அமர்ந்துகொள்ளும்போது இறுக்கம் தளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் சுற்றி மெல்ல நின்றால் பேரிங் நலம். மணல் அரைபடுவதுபோல் விரலில் பட்டால் இரண்டு பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒன்று தேய்ந்திருந்தால் மற்றதும் அதே அளவு உழைத்திருக்கும்.